எட்டாம் வகுப்பிலேயே வாருங்கள்

பத்தாவது ரிசல்ட் வந்த சாயங்காலத்திலிருந்து என் போன் ஓயாது. 2025-இல் மே 13-ஆம் தேதி வந்தது. "அக்கா, எழுபத்தெட்டு பெர்சென்ட், என்ன எடுக்கட்டும்?" "மேடம், அறுபத்தொண்ணுதான், சயின்ஸ் கிடைக்குமா?" "ஏம்மா, பய ஐம்பத்திரண்டு வாங்கியிருக்கான். ஊருக்கு அனுப்பிரலாமான்னு பாக்கோம். நீ என்ன சொல்லுத?" எல்லாருக்கும் பதில் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சொல்ல முடிவது கொஞ்சம்தான். பெரும்பகுதி இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தார். இப்போது எனக்குச் செம்பூரில் வீடு, வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சங்கத்து மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்காருகிறோம். ஒருவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர், ஒருவர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், ஒரு அக்கா நர்ஸ். பெரிய அமைப்பெல்லாம் இல்லை.

"பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் வரும் பதில் எங்களுக்கு மனப்பாடம். டாக்டர், இன்ஜினியர், போலீஸ், டீச்சர், கலெக்டர், கம்ப்யூட்டர். அதோடு தீர்ந்தது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததிலிருந்துதான் ஆசைப்பட முடியும். தெரிந்ததே ஆறு வேலை என்றால் ஆசையும் ஆறுக்குள்தான் சுற்றும். அந்த ஆறில் ஒன்று கைக்கு எட்டாது என்று பதினைந்து வயதில் தெரிந்ததும், 'நமக்குப் படிப்பு சரிவராது' என்று பிள்ளை தானே முடிவு கட்டிவிடுகிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அதனால் வேறு மாதிரி ஆரம்பிக்கிறோம். தாராவிப் பிள்ளைகளில் சயான் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் யாருமே இல்லை. பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான். "அங்கே யார் யார் வேலை பார்க்கிறார்கள், எழுதுங்கள்" என்போம். டாக்டர், நர்ஸ், வார்டு பாய், செக்யூரிட்டி. அதற்கு மேல் பேனா நகராது. பிறகு நர்ஸ் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்பார். உன் பாட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தது யார்? ரத்தம் எடுத்த ட்யூப் எங்கே போனது, அதைச் சோதித்தது யார்? டயாலிசிஸ் மிஷின் பக்கத்தில் நின்றது யார்? அந்த மிஷின் கெட்டுப்போனால் ரிப்பேர் செய்வது யார்? மருந்து கொடுத்தவர் என்ன படித்திருப்பார்? ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கையில் கருவியை எடுத்துக் கொடுப்பது யார்? சர்க்கரை நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தவர்? பழைய கேஸ் பேப்பரைத் தேடி எடுத்தவர்? அரை மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். ஒரு பையன் எழுந்து, "அந்த எக்ஸ்ரே அண்ணன் எங்க சந்துலதான் இருக்காரு, அவரு ஆஸ்பத்திரில சும்மா கூடமாட வேல பாக்காருன்னு நெனச்சேன்" என்றான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலையைத் தெரிந்துகொண்ட அன்றே அதற்கான வழியையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கதையாகிவிடும். லேப், எக்ஸ்ரே போன்ற மருத்துவத் தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளுக்குப் பன்னிரண்டாவதில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேண்டும். பார்மசி டிப்ளமோ இரண்டு வருடம், அதற்கும் பன்னிரண்டாவது சயின்ஸ். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் அதே. இது பத்தாவது முடிந்து பதினொன்றாவது சேரும்போது போடுகிற டிக்கில் முடிவாகிற விஷயம். பன்னிரண்டாவது காமர்ஸ் முடித்துவிட்டு ஒரு பெண் வந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. காமர்ஸ் எடுத்தது ஏன் என்றால், கூடப் படித்தவர்கள் எல்லாரும் காமர்ஸ் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஜி.என்.எம். என்கிற மூன்று வருட டிப்ளமோவுக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாவது முடித்தவர்களும் போகலாம், பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துப் பட்டமும் வாங்கலாம் என்று அக்கா சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது. சரி, வழி கிடைத்தது. ஆனால் சுற்று வழி. நேர் வழி இருப்பதை இரண்டு வருடம் முன்னால் சொல்ல அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் இல்லை.

கணக்கு பிடிக்கவில்லை என்று பதினொன்றாவதில் அதை விட்டுவிடுகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். விடலாம், தப்பில்லை. ஆனால் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர் எல்லாம் அதோடு போகிறது என்று தெரிந்து விட வேண்டும். மறுபக்கம், சி.ஏ. படிக்க காமர்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று நம்புகிற வீடுகளும் உண்டு. பன்னிரண்டாவது எந்தப் பிரிவில் முடித்தாலும் சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். பத்தாவது முடித்ததுமே அதற்குப் பதிவு செய்துகொள்ளவும் முடியும்.

அப்புறம் ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம். இதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்குகிறது.

ஒரு அப்பா. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் வைத்து பாந்த்ரா வரை கொண்டுபோய் விற்பவர். மகனுக்கு மார்க் ஐம்பதைத் தாண்டவில்லை, ஆனால் வீட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுகிற பையன். எலக்ட்ரீஷியன் டிரேடு பற்றிச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நான் கையால பாடுபட்டது போதும்மா. அவனாவது உக்காந்து சம்பாரிக்கட்டும்னுதான பாக்கேன்." இதற்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை. அவர் சொன்னதில் அவருடைய முப்பது வருட உடம்பு வலி இருக்கிறது. அதை மதிக்காமல் 'எல்லாத் தொழிலும் உயர்ந்ததுதான்' என்று மேடைப் பேச்சு பேசினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். வரக்கூடாதுதான்.

நாங்கள் செய்தது, ஏணியைக் காட்டியது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். குர்லாவிலும் முலுண்டிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ரயிலில் போய்வரும் தூரம். இரண்டு வருட டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் இன்ஜினியரிங் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்று சம்பாதிக்கலாம், மறுபடி ஏறலாம். ரயில்வேயில் அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுநர், ஆகப் பத்தாவதில் ஐம்பது சதவீதமும் ஐ.டி.ஐ.யும் கேட்கிறார்கள். ஆக, 'எப்படியும் நம்ம பையன் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கப் போறதில்ல' என்று கைவிடப்பட்ட பையனுக்கும் நாற்பத்தெட்டு வாங்குவதற்கும் ஐம்பது வாங்குவதற்கும் நடுவில் ஒரு வேலைக்கான வாய்ப்பே இருக்கிறது. இதை ஒன்பதாவதிலேயே ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள், அவன் படிக்கிற விதமே மாறும். கண்முன்னால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மஜகாவ் டாக் கப்பல் கட்டும் தளத்தில் அப்ரென்டிஸ் எடுக்கும்போது ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு, பத்தாவது முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு, எட்டாவது முடித்தவர்களுக்கும்கூட ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு உண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் வயது வரம்பு உண்டு. இது நம் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி நடக்கிற விஷயம். ஆனால் விளம்பரம் வந்து, கடைசித் தேதி முடிந்து, வயதும் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சேதி வருகிறது.

கப்பல் வெல்டிங்கில் பல வருடம் அனுபவம் உள்ள ஒரு அண்ணனை ஒருமுறை கூட்டி வந்தோம். பேச வராது என்று தயங்கியவர், பையிலிருந்து இரண்டு இரும்புத் தகடுகளை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் நடுவில் ஒட்டப்பட்டவை. "தொட்டுப் பாருங்க, எது நல்லது?" பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒன்று மீன் செதில் அடுக்கியது போல ஒரே சீராக இருந்தது. இன்னொன்றில் ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை. "இந்த ஓட்டைக்குள்ள காத்து மாட்டியிருக்கு. இது கப்பலோட அடியில இருந்தா என்ன ஆகும்?" வெல்டருக்கும் பரீட்சை உண்டு, ஒட்டிய தகட்டை வளைத்தும் எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள், எந்த நிலையில் ஒட்டத் தெரியும் என்பதற்குத் தனித்தனியாகத் தேற வேண்டும், தலைக்கு மேலே ஒட்டுவதுதான் கஷ்டம் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மாடியில் சத்தமே இல்லை. முகமூடியை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை, "கண்ணு கெட்டுப் போகாதா?" என்று கேட்டாள். அதற்கு அவர் மறைக்காமல் பதில் சொன்னார். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது, தான் புகையைச் சுவாசித்த வருடங்கள் உண்டு, இப்போது காற்றோட்டம் இல்லாத இடத்தில் வேலை செய்ய மறுத்துவிடுவதாகவும் சொன்னார். வேலையின் நல்லது கெட்டது இரண்டையும் அந்த வேலையைச் செய்பவர் வாயாலேயே கேட்க வேண்டும். எந்தப் புத்தகமும் வீடியோவும் அதற்கு ஈடில்லை.

இட்லிக்காரர் மகன் இப்போது எலக்ட்ரீஷியன் டிரேடில் இருக்கிறான். அப்பாவுக்கு இன்னும் முழு மனசு இல்லை. வாரம் ஒருமுறை, "அடுத்து டிப்ளமோ உண்டுதான?" என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார். கேட்கட்டும். கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

இனி காகிதங்கள். வழிகாட்டல் என்றதும் யாரும் இதைப் பேசுவதில்லை. மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை பிள்ளையின் திறமைக்கு அடுத்தபடி அதிகம் தீர்மானிப்பது இதுதான், சில சமயம் திறமைக்கு முன்னாலேயே.

முதலில் ஜாதிச் சான்று. மகாராஷ்டிர அரசு தரும் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்கு, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாத்தா 1948-இல் வந்து தோல் பட்டறையில் சேர்ந்திருக்கலாம். அதைக் காட்டப் பழைய ரேஷன் கார்டோ பள்ளிப் பதிவேடோ வாடகை ரசீதோ வேண்டுமே! குடிசை எரிந்ததில் போனது, மழை வெள்ளத்தில் போனது, அண்ணன் தம்பி பிரிவினையில் யார் வீட்டுப் பெட்டியிலோ போனது. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த குடும்பமாக இருந்தால், அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து இங்கே ஒரு சான்று வாங்கலாம். அது ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கும், ரயில்வே உட்பட மத்திய அரசு வேலைகளுக்கும் செல்லும். மாநில அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை தானாகக் கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்ததே நம் பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி அட்மிஷனை ஒட்டித்தான். வழக்குப் போட்டவர் ஆந்திரத்தில் பழங்குடியாக ஏற்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, சிறு வயதிலேயே பம்பாய் வந்தவர். 2018-லும் உச்ச நீதிமன்றம் அதே நிலையை உறுதி செய்தது. மூன்று தலைமுறையாக இந்த ஊரின் சாக்கடையையும் தோலையும் சுமந்த குடும்பத்துப் பிள்ளையை இந்த மாநிலம் வெளியூர்க்காரப் பிள்ளையாகவே எண்ணுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கிறது. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்தால், மத்திய அரசுப் பக்கம் இருக்கும் கதவுகளைக் குறிவைத்துப் படிக்கலாம். ஜூன் மாதம் அட்மிஷன் கவுன்ட்டரில் நின்று தெரிந்துகொள்கிற விஷயமா இது?

அடுத்தது டொமிசைல், அதாவது இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்பதற்கான சான்று. பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாநில இடங்களுக்குப் பத்தாவதை இங்கே முடித்திருப்பதோடு, பிள்ளை மகாராஷ்டிரத்தில் பிறந்திருக்க வேண்டும் அல்லது டொமிசைல் சான்று வேண்டும். இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் ஊருக்குப் போகிறாள், பிள்ளை தென்காசியிலோ நாங்குநேரியிலோ பிறக்கிறது, மூன்றாம் மாதம் தாராவிக்கு வருகிறது, அப்புறம் வாழ்நாள் முழுக்க இங்கேதான். ஆனால் பிறப்புச் சான்றில் தமிழ்நாடு! அந்த வீட்டின் மூத்த பிள்ளைக்கு டொமிசைல் கட்டாயம், சயான் ஆஸ்பத்திரியில் பிறந்த இளையதற்குப் பிறப்புச் சான்றே போதும். டொமிசைலுக்கு 15 வருட வசிப்பைக் காட்டும் காகிதங்கள் வேண்டும், அரசுச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் சேது மையத்துக்கு நடக்க வேண்டும், எழுத்துப் பிழை திருத்த மறுபடி நடக்க வேண்டும். ஒன்பதாவது கோடை விடுமுறையில் ஆரம்பித்தால் நிதானமாக முடியும்.

மூன்றாவது, பள்ளியை விட்டு வெளியேறும்போது தருகிற லீவிங் சர்டிபிகேட். நம் ஆட்கள் யாரும் அதைப் படித்தே பார்ப்பதில்லை. அதில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மை நிறுவனங்களாக அங்கீகாரம் பெற்ற ஜூனியர் காலேஜ்களில் (பதினொன்று, பன்னிரண்டாவது) அந்த மொழிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான் சான்று. தமிழ்ப் பிள்ளைக்கு 'இந்தி' என்று எழுதி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பள்ளியில் இருக்கும்போது விண்ணப்பித்தால் திருத்தலாம். வெளியே வந்த பிறகு மிகவும் கஷ்டம். பேர், அப்பா பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர், ஜாதி, தாய்மொழி — பள்ளிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று எட்டாவதிலேயே போய்க் கேளுங்கள்.

ஊரிலிருந்து வாட்ஸாப்பில் வருகிற சேதிகளையும் இங்கே சொல்ல வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டு அரசின் 'நான் முதல்வன்' திறன் வளர்ப்புத் திட்டம் தொடங்கியது, 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சி நடக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. எல்லாம் நல்ல காரியங்கள். மாமா மகள் அதில் சேர்ந்துவிட்டாள், நம் பிள்ளையையும் அனுப்பலாமே என்று இங்கே கிளம்புகிறார்கள். அந்த 7.5 சதவீதம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். மும்பை மாநகராட்சிப் பள்ளி அதில் வராது. ஆனால் தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில், ஊர்ப் பூர்வீகம் காட்டும் இருப்பிடச் சான்று இருந்தால் வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தில் 2016-இலிருந்து பத்தாவது பிள்ளைகளுக்கு 'கல் சாச்சணி' என்று ஒரு விருப்பத் தேர்வு நடத்தினார்கள். விவசாயம், கலை, வணிகம், நுண்கலை, மருத்துவம், தொழில்நுட்பம், சீருடைப் பணி என்று ஏழு துறைகளில் பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று சொல்லும். 2020-இல் யுனிசெஃப் துணையோடு 'மஹா கரியர்' என்ற இணையதளமும் வந்தது. என் பார்வையில் குறை எங்கே இருக்கிறது என்றால், நாட்டத்தை அளப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு அந்தத் துறை என்ன என்று தெரிய வேண்டும். 'சீருடைப் பணி' என்று முடிவு வந்த பையனுக்குத் தெரிந்த ஒரே சீருடை தாராவி போலீஸ் ஸ்டேஷனில் இருப்பது. தீயணைப்புப் படை, கடலோரக் காவல் படை, கப்பல் படையின் டாக்யார்டு என்று யாரும் சொல்லவில்லை. முடிவைக் கையில் வாங்கியவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவும் யாரும் இல்லை. இணையதளமும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து, 'இதைப் பார், இது உனக்கு ஒத்து வருமா' என்று கேட்க ஒரு மனிதர் இருந்தால் பொக்கிஷம்.

அந்த மனிதர் வேண்டும் என்று எழுபது வருடத்துக்கு முன்பே ஒரு தமிழர் எழுதி வைத்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. 1953-இல் வந்த அறிக்கையில், பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும் கரியர் மாஸ்டர்களும் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அதற்கும் முன்னால், 1941-லேயே இதே பம்பாயில் பாட்லிபாய் என்பவர் தன் முயற்சியில் ஒரு தொழில் வழிகாட்டல் நிலையம் தொடங்கினார். 1947-இல் பார்சி பஞ்சாயத்து தன் சமூகப் பிள்ளைகளுக்காக ஒன்று தொடங்கியது. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. எண்ணிக்கையில் சின்ன சமூகம், தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச ஒரு அலுவலகம் வைத்தது. நம் தமிழ்ச் சங்கங்களுக்கு மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரை எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன! பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் திறக்கிற மண்டபத்தை மாதம் ஒரு ஞாயிறு இதற்குத் திறந்தால் என்ன? கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள். கேட்க ஆள் வரவில்லை என்பதுதான் உண்மை.

இங்கிலாந்தில் 2014-இல் வெளியான கேட்ஸ்பி அறிக்கை நல்ல வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வருடத்துக்கு ஒருமுறையாவது வேலை செய்கிற, வேலை தருகிற மனிதர்களைச் சந்திக்க வேண்டும். பதினாறு வயதுக்குள் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. எங்கள் மாடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வராத பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் தினமும் போகிற இடம் பள்ளிக்கூடம். டைம்டேபிளில் வாரம் ஒரு பீரியடும், அதற்கென்று ஒரு ஆசிரியரும் அங்கே இருந்தால்தான் எல்லாரையும் எட்டும்.

மே மாதம் ஹால் எடுத்து, சமோசா கொடுத்து, 'இலவச வழிகாட்டல் முகாம்' நடத்துகிற கோச்சிங் கிளாஸ்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. முகாம் முடிவில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கோர்ஸைச் சிபாரிசு செய்தால், அது அவர்கள் வியாபாரம். அதேபோல், 'கப்பலில் வேலை, பத்தாவது போதும்' என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜெண்டுகள். ஜி.பி. ரேட்டிங் என்று ஆறு மாதப் பயிற்சி உண்மையிலேயே உண்டு, பத்தாவது முடித்தவர்கள் சேரலாம். ஆனால் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையமாக இருக்க வேண்டும், அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எங்களிடம் ஒரு தடவை காட்டுங்கள். கொடுத்த பிறகு அழுதுகொண்டு வருகிற அம்மாக்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு வேலையும் சேர்கிறது. தூரம். வி.ஜே.டி.ஐ. 1887-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், மாட்டுங்காவில் இருக்கிறது, தாராவியிலிருந்து நடந்தே போகலாம், பத்தாவது முடித்தவர்களுக்கு டிப்ளமோ படிப்புகளும் உண்டு. அதன் வாசலைத் தாண்டி தினமும் டியூஷனுக்குப் போன ஒரு பெண்ணுக்கு உள்ளே டிப்ளமோ இருப்பது தெரியாது. 'பொம்பளப் பிள்ளய ரயில்ல தூரமா அனுப்ப மாட்டோம்' என்ற வீட்டிடம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகிறது. நர்ஸ் அக்காவும் நானும் வீட்டுக்கே போய் அம்மாவோடும் ஆச்சியோடும் பேசுவோம். முடிவு எடுப்பது பல வீடுகளில் ஆச்சிதான். ஆச்சிக்கு வேண்டியது மூன்று விஷயம்: கூட யார் போவார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், எவ்வளவு செலவு. மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னால் ஆச்சி சம்மதித்துவிடுகிறார்.

பதினொன்றாவது அட்மிஷன் 2025-இலிருந்து மாநிலம் முழுக்க ஒரே ஆன்லைன் முறைக்கு வந்துவிட்டது. காலேஜ்களை விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். முதல் இடத்தில் போட்ட காலேஜ் கிடைத்தும் சேராமல் விட்டால் அடுத்த சுற்றுகளில் சிக்கல் வரும், அதனால் பெயருக்காக எதையும் முதலில் போடாதீர்கள். ஃபார்ம் நிரப்பும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். சைபர் கஃபேக்காரர் நிரப்பித் தரட்டும் என்று விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த கூட்டத்திலிருந்து எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், காலை பத்து மணிக்கு. வரும்போது பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளிச் சான்று, தாத்தா காலத்துக் காகிதம் எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து வேலையில் இருக்கும் பெண்கள் ஒரு மணி நேரம் வந்து உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும். எலக்ட்ரீஷியன், லேப் டெக்னீஷியன், ரயில்வே, மெட்ரோ, எதுவானாலும் சரி. மேடைப் பேச்சு வேண்டாம். கையில் எடுத்துக் காட்ட ஒரு கருவி இருந்தால் கொண்டு வாருங்கள்.